சனி, ஞாயிறு பட்டாளம்... திங்கட்கிழமை கிளினிக்!

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். மதுரையைச் சுற்றிப் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான்.

உசிலம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். இரண்டு மாச லீவில் வந்திருக்கிறார் வீட்டுக்காரர். முதல் வாரம் வீடே திருவிழா. கறிக்குழம்பு, விருந்தாளிகள், "மாப்ளே, கேன்டீன் சரக்கு ஏதாச்சும் கொண்டாந்தியா?" என்று வாசலில் வந்து நிற்கும் பங்காளிகள். இரண்டாவது வாரத்தில்தான் மனைவிக்கு உறைக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மனுஷன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் வேட்டு வெடித்தால் உடம்பு தூக்கிப் போடுகிறது. பிள்ளை தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டதற்கு அப்படி ஒரு கோபம்!

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. போய்ப் படு."

அப்பத்தா காரணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறாள். "காத்துக் கருப்பு பட்டிருக்கும். கோடாங்கிகிட்ட ஒரு தடவை காட்டிருவோம்." பாண்டி கோயிலில் கயிறும் கட்டியாகிறது. கயிறு கட்டுவதில் தப்பில்லை. ஆனால் மனுஷன் யாரிடமாவது வாயைத் திறந்து பேச வேண்டுமே! யாரிடம் பேசுவார்? கூட வேலை பார்க்கும் சிப்பாயிடம் சொன்னால் யூனிட் முழுக்கப் பரவிவிடும் என்று பயம். மதுரையில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனால், "சென்ட்ரி டியூட்டி என்றால் என்ன?" என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் பேசுகிற ஆசையே போய்விடும்.

பட்டாளமும் தெரிந்து, குடும்பமும் தெரிந்து, மனசைப் படிக்கவும் படித்த ஒருவர் இருந்தால்? பாதி நாள் சாதாரண உடுப்பிலும் பாதி நாள் ராணுவ உடுப்பிலும் இருக்கும் ஆள்?

சில நாடுகளில் இப்படிப்பட்டவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். நம் ஊரில் படிக்கும் எத்தனையோ சைக்காலஜி மாணவிகளுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது என்பதால், கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

மாசத்தில் இரண்டு நாள் மிலிட்டரி

அமெரிக்காவில் ராணுவத்தின் ரிசர்வ் படை என்று ஒன்று உண்டு. அதில் இருப்பவர்களுக்கு வெளியே வேறு வேலை இருக்கும். பள்ளிக்கூட ஆசிரியர், மெக்கானிக், பாங்க் ஊழியர்... யாராகவும் இருக்கலாம். மாசத்தில் ஒரு சனி, ஞாயிறும், வருஷத்தில் இரண்டு வாரமும் உடுப்பு மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. போர் வந்தால் மாசக்கணக்கில் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இதே கணக்கில் மனநல நிபுணர்களையும் எடுக்கிறார்கள். சைக்காலஜியில் டாக்டரேட் முடித்து, தொழில் நடத்த லைசென்ஸும் வாங்கியிருக்க வேண்டும். சேரும்போதே அதிகாரி அந்தஸ்து. வாரநாளில் ஆஸ்பத்திரியிலோ சிறைச்சாலையிலோ கவுன்சலிங் செய்கிறவர், வார இறுதியில் கேப்டன் அல்லது மேஜர்!

சிங்கப்பூரிலும் உண்டு. தேக்கா பக்கம் நம் வாசகர்கள் பலருக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே ஆண்களுக்கு 1967-லிருந்து கட்டாய ராணுவ சேவை. பெண்களும், புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களும் விருப்பப்பட்டுச் சேர்வதற்காக 2014-ல் ஒரு தொண்டர் படையை ஆரம்பித்தார்கள். அதில் தொழில் நிபுணர்களுக்கு ஒதுக்கிய பணிகளில் ராணுவ உளவியலாளர் வேலையும் ஒன்று. சில வாரப் பயிற்சி, அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஏழிலிருந்து பதினான்கு நாள் வரை சேவை. வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை.

சரி, அங்கே போய் என்னதான் செய்வார்கள்? கோச்சில் படுக்கவைத்து "உங்கள் சின்ன வயசைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்களா? அதெல்லாம் சினிமாவில்.

முகாமில் இவர்களுடைய முக்கியமான வேலை, நடப்பது. சமையல் கூடத்தில் டீ குடிப்பார்கள், வண்டி ரிப்பேர் செய்யுமிடத்தில் நின்று பேசுவார்கள், காவல் மாற்றும் நேரத்தில் எட்டிப் பார்ப்பார்கள். "ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாயே, எப்படி இருக்கிறது?" அவ்வளவுதான். தனியறைக்குக் கூப்பிட்டால் வராதவன், டீ கிளாஸோடு நிற்கும்போது மனசைத் திறந்துவிடுவான்.

யாராவது நிலைகுலைந்துபோனால் தூரத்து ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பிவிடுவதில்லை. முகாமுக்குப் பக்கத்திலேயே ஓரிரண்டு நாள் ஓய்வு. சுடச்சுடச் சாப்பாடு, குளியல், நல்ல தூக்கம். 'நோயாளி' என்று பெயர் வைப்பதில்லை. உடுப்பைக் கழற்றச் சொல்வதில்லை. "இது நடக்கக்கூடியதுதான், சரியாகிவிடும்" என்று தைரியம் சொல்லி, பழைய கூட்டாளிகளிடமே திரும்ப அனுப்புவார்கள். பக்கத்திலேயே, உடனடியாக, நம்பிக்கையோடு என்ற இந்த மூன்று அம்ச வைத்தியம் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே வருவது. படுத்த படுக்கையாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், 'நான் ஒன்றுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் ஆளை இன்னும் கீழே தள்ளிவிடும் என்பதை அப்போதே கண்டுகொண்டார்கள்.

ஊட்டியிலிருந்து எடின்பரோவுக்கு

முதல் உலகப் போர் என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆசிரியர். இவருக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பந்தம் உண்டு. 1901-02-ல் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பல மாதம் பழகி, அவர்களுடைய உறவுமுறை, எருமை மந்தை, பால்மனைச் சடங்குகள் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். 1906-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்தை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுகிறார்கள். இன்று மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இருக்கும் வெலிங்டனும் அதே நீலகிரியில்தானே!

போர் வந்தபோது ரிவர்ஸுக்கு ஐம்பது வயசு. பிறவிப் பட்டாளத்துக்காரர் இல்லை. தற்காலிகமாகக் கேப்டன் பட்டம் கொடுத்து உடுப்பு மாட்டிவிட்டார்கள். 1916-ல் எடின்பரோ பக்கத்தில் க்ரெய்க்லாக்கார்ட் என்ற ராணுவ ஆஸ்பத்திரிக்கு வந்தார். குண்டுச் சத்தத்தில் பேச்சிழந்தவர்கள், கை நடுங்குகிறவர்கள், கெட்ட கனவில் அலறுகிறவர்கள் என்று அதிகாரிகள் நிரம்பிய இடம். "மறந்துவிடு, அதை நினைக்காதே" என்பதுதான் அந்தக் காலத்து ஆலோசனை. ரிவர்ஸ் அதற்கு நேர்மாறாகப் போனார். நினைத்துப் பார், தாங்க முடிகிற அளவுக்குப் பேசு, நான் கேட்கிறேன் என்றார். தோடர்களிடம் பொறுமையாகக் கேட்டுப் பழகிய காது அல்லவா!

1917-ல் சீக்ஃப்ரீட் சசூன் என்ற கவிஞர் இவரிடம் அனுப்பப்பட்டார். சசூன் வீரத்துக்குப் பதக்கம் வாங்கியவர். போரை இனியும் நீட்டிப்பது அநியாயம் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டவர். அவரைக் கோர்ட் மார்ஷல் செய்தால் பெரிய ரகளையாகிவிடும். அதனால் 'மனநிலை சரியில்லை' என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ரிவர்ஸ் என்ன செய்வார்? இருவருக்கும் நட்பு வளர்ந்தது. ஆனால் ரிவர்ஸின் உத்தியோகம், ஆளைத் தேற்றி மறுபடியும் போர்முனைக்கு அனுப்புவது. சசூன் கடைசியில் திரும்பிப் போனார். ரிவர்ஸுக்கும் இது நெருடலாகவே இருந்தது.

இந்த வேலையின் முள்ளே இதில்தான் இருக்கிறது. வெளியே கிளினிக்கில் ஆலோசகருக்கு ஒரே எஜமான், எதிரே உட்கார்ந்திருக்கிறவர். உடுப்பு மாட்டியதும் எஜமான் இரண்டாகிவிடுகிறது. சிப்பாயின் நலமா, படையின் தேவையா? "இவனிடம் துப்பாக்கியைக் கொடுக்கலாமா?" என்று கமாண்டர் கேட்டால், உள்ளே பேசிய ரகசியத்தில் எவ்வளவு சொல்வது? தன்னையோ பிறரையோ மாய்த்துக்கொள்ளும் அபாயம் இருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். மற்றதை? நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே, "இதெல்லாம் நமக்குள் இருக்கும், இதெல்லாம் நான் மேலே சொல்ல வேண்டிவரும்" என்று பட்டென்று சொல்லிவிடுவார். சொல்லாமல் பேசவைத்துவிட்டுப் பிறகு ரிப்போர்ட் எழுதினால் அந்த முகாமில் அதற்குமேல் ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான்.

பகுதி நேர ஆலோசகருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. அவருடைய சோறு முழுக்கவும் ராணுவத்திலிருந்து வருவதில்லை. கொஞ்சம் நிமிர்ந்து பேச முடிகிறது.

திங்கட்கிழமைக் கஷ்டம்

அசௌகரியமும் உண்டு. அதுதான் நம் வீடுகளுக்கு முக்கியமான பாடம்.

ஈராக் போருக்குப் போய்வந்த பிரிட்டிஷ் வீரர்களை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து, 2006-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். முழுநேர வீரர்களைவிட, பகுதி நேர ரிசர்வ் வீரர்களுக்குத்தான் போய்வந்த பிறகு மனநலச் சிக்கல் அதிகமாகத் தெரிந்தது. அதே வருஷ நவம்பரில் பிரிட்டிஷ் அரசு ரிசர்வ் வீரர்களுக்கென்றே தனியாக ஒரு மனநலத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

ஏன் இப்படி? முழுநேரச் சிப்பாய் திரும்பிவந்தால் பாரக்ஸில் கூட்டாளிகள் நாலு பேர் இருக்கிறார்கள். ஒன்றும் பேசாவிட்டாலும் 'இவனுக்குத் தெரியும்' என்ற ஆறுதல் இருக்கும். ரிசர்வ் ஆள் போன வாரம் ஈராக்கில், இந்த வாரம் ஆபீஸில்! பக்கத்து சீட்டுக்காரர், "என்ன சார், ரொம்ப நாளா லீவா?" என்று கேட்கிறார். அந்தத் தனிமை ஆளை அரிக்கும்.

மனநல ஆலோசகருக்கும் இதே கதிதான். அங்கே கேட்ட கதைகளை இறக்கிவைக்க இடமில்லாமல் திங்கட்கிழமை கிளினிக்கில் பரீட்சைப் பயம் பற்றிக் கேட்க வேண்டும். ஆபத்தும் இல்லாமல் இல்லை. 2009 நவம்பர் 5-ம் தேதி டெக்சாஸில் ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் மன அழுத்த நிவாரணப் பிரிவுகளைச் சேர்ந்த ரிசர்வ் வீரர்கள். வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள். சுட்டவர் யார் தெரியுமா? ராணுவத்திலேயே மனநல டாக்டராக இருந்தவர்!

நம் பட்டாளத்துக்காரர் லீவில் வருவதும் ஒருவகையில் இந்தத் திங்கட்கிழமைதான். முன்பெல்லாம் எல்லையிலிருந்து ரயிலேறினால் மதுரை வந்து சேர மூன்று நாள் ஆகும். கூட்டாளிகளோடு சீட்டாட்டம், பேச்சு, தூக்கம் என்று மனசு மெல்ல மெல்ல ஊர்ப்பக்கம் திரும்பும். இப்போது காலையில் ஸ்ரீநகரில் விமானம் ஏறினால் ராத்திரி மதுரை. உடம்பு வந்துவிடுகிறது, மனசு வருவதற்கு நாலு நாள் ஆகிறது. ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ், கனடா வீரர்களை நேரே வீட்டுக்கு அனுப்பாமல் வழியில் சைப்ரஸ் தீவில் இறக்கி, கொஞ்சம் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். நம்முடைய மூன்று நாள் ரயில் இந்த வேலையைச் செலவில்லாமல் செய்துகொண்டிருந்ததோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

நம் நாட்டில்?

பகுதி நேரப் பட்டாளம் நம்மிடமும் இருக்கிறது. பிரதேச ராணுவம், அதாவது டெரிடோரியல் ஆர்மி. 1948-ல் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9-ம் தேதி அன்றைய கவர்னர் ஜெனரல் நம் ராஜாஜிதான் தொடங்கிவைத்தார். டோனி உடுப்பு மாட்டிக்கொண்டு 2019-ல் காஷ்மீர் போனாரே, அந்தப் படை. 18 வயசு முதல் 42 வயசு வரை, வேறு வேலையோ தொழிலோ செய்து சம்பாதிக்கிறவர்கள் அதிகாரியாகச் சேர விண்ணப்பிக்கலாம். டிகிரி வேண்டும். எழுத்துத் தேர்வு, நேர்முகம், தேர்வு வாரியம், மருத்துவச் சோதனை எல்லாம் உண்டு. வருஷத்துக்கு இரண்டு மாசம் பயிற்சி. பெண்களை ஒதுக்கக் கூடாது என்று 2018-ல் டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. 'சும்மா பேருக்கு' இருக்கும் படை என்று நினைத்துவிடாதீர்கள். 2025 மே மாசம் பாகிஸ்தானோடு பதற்றம் ஏற்பட்டபோது, இந்தப் படையை அழைத்துக்கொள்ள ராணுவத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்தது.

ஆனால் இதில் சைக்காலஜிஸ்ட் என்று தனியாக ஆள் எடுப்பதில்லை. சைக்காலஜி படித்தவர் சேர்ந்தாலும் மற்ற அதிகாரிகளைப் போலத்தான். இது ஒரு குறை என்றே எனக்குப் படுகிறது.

நம் ராணுவத்தில் மனசைப் பார்க்கிறவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள். டெல்லியில் பாதுகாப்புத் துறையின் உளவியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதிகாரித் தேர்வில் படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்களே, ஒரு வார்த்தைக்கு 15 விநாடி என்று 60 வார்த்தைக்கு மனசில் தோன்றியதை எழுதச் சொல்வார்களே, அதைப் படித்து ஆளை எடை போடுவது சைக்காலஜிஸ்ட். ராணுவ ஆஸ்பத்திரிகளில் மனநல டாக்டர்கள் உண்டு. படைப்பிரிவுகளிலேயே சிலருக்கு ஆலோசகர் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பண்டிட்ஜி, பாதிரியார் போன்ற மத ஆசிரியர்களும் இதில் சேர்த்தி. சைக்காலஜி படிக்கும் உங்கள் பெண்ணுக்கு இந்தப் பக்கம் ஆசை இருந்தால் இந்த வாசல்களைத்தான் தட்ட வேண்டும். நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளராக வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற படிப்பும் அதில் பதிவும் அவசியம். சாதா எம்.ஏ., எம்.எஸ்ஸி. மட்டும் போதாது. சேரும் முன்னாலேயே கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த முதல் எழுத்து

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் ஏன் பேச மாட்டேன் என்கிறார்?

ராணுவ மருத்துவச் சோதனையில் 'ஷேப்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்து எழுத்து. காது, கை கால், உடல் வலு, கண் ஆகியவற்றுக்கு முன்னால் வரும் முதல் எழுத்து 'எஸ்'. அது மனசுக்கு. எல்லாவற்றிலும் 'ஒன்று' வாங்கினால் ஆள் முழுத் தகுதி. இரண்டு, மூன்று என்று இறங்கினால் 'லோ மெடிக்கல் கேட்டகரி'. ப்ரமோஷனும் போஸ்டிங்கும் பாதிக்கப்படலாம். அதனால்தான் முழங்கால் வலியைச் சொல்கிறவன் மனசு வலியைச் சொல்ல மாட்டான். அமெரிக்காவிலும் இதே பயம் இருந்தது. ரகசியப் பணிக்கான விண்ணப்பத்தில் 'மனநல ஆலோசனை பெற்றதுண்டா?' என்று ஒரு கேள்வி. போர் தொடர்பான ஆலோசனை என்றால் அதை இனிக் குறிப்பிட வேண்டாம் என்று 2008-ல் மாற்றினார்கள்.

மனைவி இதைப் புரிந்துகொண்டால் பாதி சண்டை குறையும். "ஏன் டாக்டரிடம் போக மாட்டேங்குறீங்க?" என்ற கேள்வி அவர் காதில், "ஏன் உங்க வேலையைக் கெடுத்துக்க மாட்டேங்குறீங்க?" என்றுதான் விழுகிறது.

அப்படியானால் என்ன செய்வது? முதல் சில நாள் தூக்கம் கெடுவதும், சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் பெரும்பாலும் தானாக அடங்கும். விருந்துக்கு ஊர் ஊராக இழுக்காதீர்கள். "எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?" என்று பிள்ளைகள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். பாட்டில் தினமும் திறக்கப்படுகிறதா என்று பாருங்கள். தூக்கத்துக்காகக் குடிக்கிற குடி தூக்கத்தைத்தான் கெடுக்கும். கெட்ட கனவு, எரிச்சல், ஆட்களைத் தவிர்ப்பது, நடந்ததே திரும்பத் திரும்பக் கண்முன் வருவது எல்லாம் ஒரு மாசத்தைத் தாண்டியும் நீடித்தால் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோயாக இருக்கலாம். குணப்படுத்தக்கூடியதுதான். முறையான பேச்சு சிகிச்சை இருக்கிறது. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. பேச்சு சிகிச்சை தருவது சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுதுவது சைக்கியாட்ரிஸ்ட் எனப்படும் மனநல டாக்டர். "நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் மாசக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

எங்கே? பணியில் இருப்பவருக்கு முறைப்படி ராணுவ ஆஸ்பத்திரி. வெலிங்டனிலும் சென்னையிலும் இருக்கிறது. உசிலம்பட்டிக்கு இரண்டும் தூரம்தான். அவசரமென்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சேர்த்துவிட்டு யூனிட்டுக்குத் தகவல் சொல்லிவிடலாம். ஓய்வு பெற்றவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் மதுரையிலேயே உண்டு. 2017-ம் வருஷ மனநலச் சட்டப்படி, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கச் சொல்லும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது.

நேரில் போகத் தயக்கமா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்'. 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். ராணுவத்தினருக்கென்றே 2023 டிசம்பர் 1-ம் தேதி புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவும் தொடங்கியிருக்கிறார்கள். அவர் பேசாவிட்டால் நீங்கள் பேசுங்கள். "வீட்டுக்காரர் இப்படி இருக்கார், நான் எப்படி நடந்துக்கணும்?" என்று மனைவி கேட்பதற்கும் அந்த எண்தான்.

ஒரே ஒரு விஷயம். லீவு தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு சிகிச்சை ஒரே தடவையில் முடிகிற காரியம் இல்லை. வாரத்துக்கு ஒன்று என்று பல தடவை உட்கார வேண்டும். "ஊர்த் திருவிழா முடியட்டும், மச்சினி கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டுக் கடைசி வாரத்தில் ஆரம்பித்தால், இரண்டாவது முறைக்குத் தேதி குறிக்கும்போது மனுஷன் நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்.